கையெழுத்துப் போடும் முன்





சங்கத்தின் பொன்விழா ஆண்டில் சுங்கை பினாங்கில் உங்கள் முன் பேச வாய்ப்புத் தந்ததற்கு நன்றி. நான்காம், ஐந்தாம் படிவங்களுக்குப் பாடம் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் மூத்த மகன் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, பாடப் பிரிவுப் பாரத்தைக் கடைக்கே கொண்டுவந்தான். மதிய நேரம். நாசி கண்டாருக்கு வரிசை நீண்டு நிற்கிறது. "அத்தா, இதில் கையெழுத்துப் போடுங்க" என்றான். கல்லாவில் உட்கார்ந்தபடியே போட்டுக் கொடுத்தேன். அந்தப் பாரத்தில் கூடுதல் கணிதம் இல்லை. எஸ்.பி.எம். முடிந்ததும் பொறியியல் படிக்க மெட்ரிகுலேஷன் போக ஆசைப்பட்டான். வழியில்லை. போலிடெக்னிக் வழியாகச் சுற்றிப் போய்ப் பொறியியலாளர் ஆனான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தச் சில ஆண்டுகள் என் அவசரத்துக்குப் பிள்ளை கொடுத்த விலை.

அன்று அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இருந்தது. 2020 முதல் நான்காம் படிவத்தில் பாடத்தொகுப்பு முறை வந்துவிட்டது. தேர்வு செய்யும் உரிமை கூடியிருக்கிறது. பெற்றோரின் பொறுப்பும் கூடியிருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் எல்லாத் தொகுப்பும் இருக்காது. ஆகவே முன்கூட்டியே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.

கடைசியிலிருந்து திரும்பி யோசியுங்கள். மருத்துவமா? இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். பொறியியலா? இயற்பியலும் கூடுதல் கணிதமும் வேண்டும். கணக்காய்வா? கணக்கியலும் பொருளியலும் கைகொடுக்கும். கணிதம் பலமாக இருக்க வேண்டும். கூடுதல் கணிதம் இரண்டாண்டுப் பாடம். ஐந்தாம் படிவத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அதே சமயம், பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்தது என்பதற்காக, கணக்கே வராத பிள்ளையின் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

விருப்பப் பாடங்களைப் பார்க்கும் மும்முரத்தில் கட்டாயப் பாடங்களை மறந்துவிடக் கூடாது. மலாய் மொழியில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. 2013 முதல் வரலாற்றுக்கும் அதே விதிதான்.

இனித் தமிழ். நம் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளியில் படிக்கிறார்கள். இஸ்லாமியக் கல்வி கட்டாயப் பாடமாக இருக்கிறது. தமிழ்தான் முதலில் கைநழுவிப் போகிறது. 2009இல் எஸ்.பி.எம். பாடங்கள் பத்துக்கு மேல் கூடாது என்று அரசு அறிவித்தபோது, தமிழுக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் இடமில்லாமல் போகுமே என்று நம் சமுதாயம் குரல் கொடுத்தது. பிறகு பன்னிரண்டு பாடம் வரை எழுத அனுமதி கிடைத்தது. போராடிப் பெற்ற அந்த இடத்தை நாமே காலியாக விடலாமா? ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். தேர்விலும் தமிழ் ஒரு பாடம்தான்.

"பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லையே" என்பீர்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியிலும் தேசிய இடைநிலைப் பள்ளியிலும் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். பதினைந்தே பேர்! இந்த மண்டபத்தில் அதற்கு மேல் இருக்கிறோம். ஒரே பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோர் இன்று வெளியே போகும் முன் பெயர் எழுதிக் கொடுங்கள். மனுவைச் சங்கம் தயாரிக்கட்டும்.

ஐம்பது ஆண்டுகளாகத் திருமணத்துக்கும் மௌத்துக்கும் ஒன்றாக நின்றிருக்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்கும் அப்படியே நிற்போம். அந்தப் பாரம் உங்கள் வீட்டுக்கு வரும்போது, கல்லாவை விட்டு எழுந்து வந்து, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.