மாரடைப்பும் அக்குபிரஷரும்

 

ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நலம் விசாரிக்கச் சென்ற நபி (ஸல்) அவர்கள், அவர்தம் நெஞ்சின்மீது தம் திருக்கரத்தை வைத்தார்கள். அதன் குளிர்ச்சி இதயம்வரை எட்டிற்று. அத்துடன் விட்டுவிடவில்லை, இது இதய நோய் எனக் கூறி, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது. அந்த ஸஃது (ரலி) அவர்களே பின்னாளில் காதிஸிய்யாப் போருக்குத் தலைமை ஏற்றார்கள். திருக்கரம் பட்ட நெஞ்சுக்கே மருத்துவர் வேண்டியிருந்தது எனில், நம் கைவைத்தியம் எம்மாத்திரம்?

நெஞ்சு வலிக்கிறது, ஓதித் தாருங்கள் எனத் தண்ணீரோடு பள்ளிவாசலுக்கு வருவோர் இன்றும் உண்டு. நாம் ஓதித் தருகிறோம். 108-க்குச் சொல்லியாயிற்றா என்று கேட்ட பிறகே.

இதயத்தின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் மடியத் தொடங்குகிறது. நடு நெஞ்சில் கல்லை ஏற்றினாற்போன்ற பாரம், இடக்கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன அடையாளங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இன்றி, களைப்பும் குமட்டலும் மட்டும் தோன்றுவதுண்டு. இதைத்தான் நம் வீடுகளில் 'வாயு' என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்துப் பொழுதைக் கழிக்கிறார்கள். நாமக்கல் பக்கத்து லாரிச் சகோதரர்களோ, சரக்கை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். வண்டியை ஓரங்கட்டி உடனே உதவிக்கு அழைப்பதே அறிவுடைமை.

அக்குபிரஷர் கற்றோர் நம்மிடையே உளர். மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே அழுத்தினால் குமட்டல் தணியும் என்பர். பதற்றமும் சற்று அடங்கலாம். அடைபட்ட குழாயை அது திறக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆதலால் 108-க்குச் சொன்ன பின், வண்டி வரும்வரை மட்டும், நோயாளியை நடக்கவிடாமல் சாய்த்து அமர்த்தி அழுத்துங்கள். விரல் நுனியில் ஊசி குத்துவதும், இடைவிடாது இருமச் சொல்வதும் கைப்பேசியில் உலவும் வீண்கதைகள். நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால் கையை விட்டு நடு மார்பை, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வலுவாக அமுக்க வேண்டும்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. நாமக்கல்லிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின் முதலிய முதல்வேளை மாத்திரைகளைத் தருகிறார்கள். ரமளானில் நோன்பு முறிந்துவிடுமே என அஞ்சி அம்மாத்திரையை மறுக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு அல்லாஹ் சலுகை அளித்துள்ளான், நலமடைந்த பின் களாச் செய்துகொள்ளலாம்.