ஆளைப் போற்றுவதும் பணியைக் காப்பதும்



2022-இல் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கிப் பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை நீக்கினார். கண்டனம் வலுத்தது, பற்றாளர் கூட்டம் கலையவில்லை. தென்காசி மத்தளம்பாறையிலிருந்து ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தை நடத்திய ஸ்ரீதர் வேம்பு, 2020-இல் ஆர்.எஸ்.எஸ். சார்பு நிகழ்ச்சியொன்றில் பங்கேற்றதற்காக விமர்சிக்கப்பட்டார். அவருக்காக வாதாட ஒரு படையே திரண்டது. இந்தப் பற்று எங்கிருந்து வருகிறது?

வேம்பார் அடங்கிய நம் முத்துக்குளித்துறைக்கு இந்தப் பற்று புதிதல்ல. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' இல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தார்கள். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவருக்குப் போனதாக 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்கோ போலோ எழுதியிருக்கிறார். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத வெள்ளைக்கார அதிகாரிகளும் அவரை வைத்துக்கொண்டார்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலையில் மனிதருக்கு, 'நான் இருக்கிறேன், இறங்கு' என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

இன்று பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைக்கு வேலைச் சந்தையே கடல். பட்டம் கேட்காமல், உதவித்தொகையும் தந்து பயிற்றுவிக்கிறது ஜோஹோவின் பள்ளி. வேட்டி கட்டிக் கிராமத்தில் வாழ்பவர் அதன் நிறுவனர். 'உன்னாலும் முடியும்' என்பதற்கு அவரே சாட்சி. அவரைக் குறை சொன்னால் தன்னையே சொன்னதாக அந்தப் பிள்ளைக்குப் படுகிறது. அந்த நன்றியுணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குள் ஓர் ஆபத்தும் உண்டு. அதை நம் வரலாறே காட்டும்.

1906-இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய். போட்டியாளரான வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாகச் சொன்னது. அப்போதும் நம் மக்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலிலேயே ஏறினார்கள். 1908 மார்ச்சில் அவர் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் மாண்டனர்.

அவர் சிறையில் இருந்தபோதே, 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையானபோது அவரை வரவேற்கக் கூட்டம் இல்லை. அவருக்காகத் தெருவில் இறங்கிய ஊரால் அவருடைய கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை. எல்லாம் ஓர் ஆளின் தோளில் இருந்ததே காரணம். அந்தத் தோள் சிறைக்குப் போனதும் கம்பெனியும் சரிந்தது.

மாணவர்களே, வழிகாட்டியை மனமாரப் போற்றுங்கள். அவர் சொல்வது சரியா, செய்வது நியாயமா என்று அவரிடமே கேளுங்கள். கேள்வி கேட்பது துரோகமல்ல, பங்காளியின் கடமை. அவர் தொடங்கிய பணி அவர் இல்லாமலும் நடக்கும்படி தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், நிர்வாகத்தில் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். வ.உ.சி.க்கு நாம் செய்யத் தவறியது அதுதான். இனி வருகிறவர்களுக்காவது அதைச் செய்வோம்.