தாதி படுத்தால் தாங்குவோர் யார்?

(பண்ணைக்காடு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே! தோழர்களே! கூட்டத்திற்கு வர இயலாமல், இந்த ஞாயிற்றுக்கிழமையில் ஏட்டின் வாயிலாக என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பனே! உன்னையும் சேர்த்தே அழைக்கிறேன்.

வத்தலக்குண்டிலே வாட்டிய வெயில், மலைப்பாதையிலே நம்மிடம் விடைபெற்றுக்கொள்கிறது. காபித் தோட்டம் கண்ணுக்கு விருந்தளிக்கிறது. மலைவாழை நாவுக்கு விருந்தளிக்கிறது. வளமான மலை! ஆனால் இந்த வளமான மலையிலே வாழ்பவனுக்கு நோய் வந்துவிட்டால்? இதே பழனி மலைத் தொடரிலே வெள்ளகவி உண்டு, சின்னூர் உண்டு, பெரியூர் உண்டு. அங்கெல்லாம் நோயுற்றோரைத் தூளி கட்டித் தோளிலே சுமந்து இறங்கினார்கள் என்ற செய்தியை ஒரு முறையா, இரு முறையா, எத்தனை முறை நாளேடுகளிலே படித்திருக்கிறோம்!

தூளி கீழே இறங்கியதும் முதலில் ஓடி வருவது யார்? அமைச்சரா? இல்லை. ஆணையிடும் அதிகாரியா? இல்லை. "நர்சம்மா" என்று நீங்கள் உரிமையோடு அழைக்கிறீர்களே, அந்தச் செவிலிதான் ஓடி வருகிறார். இரவு இரண்டு மணிக்கு நாடி பார்ப்பது அவர் கை. பனிக்குடம் உடைந்த பெண்ணுக்குத் தைரியம் சொல்வது அவர் வாய். நமக்கெல்லாம் அவர் இருக்கிறார், ஒப்புக்கொள்கிறோம். ஆனால், தோழர்களே, அவர் படுத்துவிட்டால்? ஊசி போட்ட கை ஊசிக்கு நீண்டால்? அந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார், தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். அதன் கடைசிக் குறளிலே மருத்துவம் என்பது என்ன என்று கணக்குச் சொல்கிறார். நோயாளி ஒருவன், மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, இவற்றோடு அருகிருந்து கவனிப்பவன் ஒருவன். ஆக நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார். அந்த நான்காமவனுக்கு அவர் சூட்டிய பெயர் 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். பக்கத்திலே செல்பவன், பக்கத்திலே நிற்பவன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னே தமிழன் செவிலிக்கு மருத்துவனோடு சரியாசனம் தந்திருக்கிறான்! நாற்காலியின் நான்காம் கால் அவர். அந்தக் காலே ஒடிந்து, நோயாளிக் கட்டிலிலே சாய்ந்துவிட்டால் நாற்காலி நிற்குமா? நிற்காது என்பதற்குக் கண்ணீரால் எழுதப்பட்ட சான்று ஒன்று இந்த நாட்டிலே இருக்கிறது.

பம்பாயில் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனை என்று ஒன்று. மாநகராட்சி நடத்துவது, பெரியது, பெயர் பெற்றது. அங்கே செவிலியாகப் பணியாற்றினார் அருணா சான்பாக். கர்நாடகத்துக் கடலோரம் ஹல்திபூரில் பிறந்த நங்கை. வயது இருபத்தைந்து. அதே மருத்துவமனையின் டாக்டர் ஒருவரோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. 1973-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள், மருத்துவமனையின் அடித்தளத்திலே உடை மாற்றிக்கொள்ளச் சென்ற அவரை, அங்கேயே வேலை பார்த்த துப்புரவுப் பணியாள் ஒருவன் தாக்கினான். நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்தான், மானத்தையும் சூறையாடினான். மூளைக்குச் செல்ல வேண்டிய உயிர்க்காற்று தடைப்பட்டது. மறுநாள் காலை ஏழே முக்கால் மணிக்குத்தான், ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கண்ணிலே அவர் பட்டார், இரத்த வெள்ளத்திலே, நினைவின்றி!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மேல்மாடிகளிலே டாக்டர்கள் இருக்கிறார்கள். மருந்து இருக்கிறது. பிராணவாயு இருக்கிறது. கீழே, அதே கட்டடத்தின் அடித்தளத்திலே, அந்த மருத்துவமனையின் செவிலி இரவு முழுவதும் கேட்பாரற்றுக் கிடக்கிறார்! நோயாளியின் குரலுக்கெல்லாம் ஓடியவருக்குக் குரல் கொடுக்கவும் வழியில்லை. வந்து பார்க்கவும் ஆளில்லை.

குற்றவாளிக்கு என்ன தண்டனை? கொள்ளையடித்தான், கொலை செய்ய முயன்றான் என்று வழக்கு, ஏழாண்டுச் சிறை. கற்பழிப்புக் குற்றம் வழக்கிலே இடம்பெறவே இல்லை. ஏழாண்டு கழிந்தது, அவன் வெளியே வந்துவிட்டான். அருணாவுக்கு விடுதலை எப்போது? 2015-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள், நிமோனியா வந்து உயிர் பிரிந்தபோது! நாற்பத்தோராண்டுக்கு மேல் ஒரே மருத்துவமனை; ஒரே படுக்கை வாழ்வு.

இடையிலே நடந்ததுதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி. அருணாவை அந்த மருத்துவமனையை விட்டு வெளியேற்ற, 1980-களில் மாநகராட்சி இரு முறை முயன்றது. கட்டிலைக் கணக்குப் பார்த்தது நிர்வாகம்! அந்தக் கட்டிலருகே நின்று ஆயிரம் பேரைக் காத்தவர் அதன்மேல் கிடக்கிறார். அவர் கிடப்பது கணக்குக்கு இடைஞ்சலாம்! தடுத்தது யார்? மருத்துவமனையின் செவிலியர்! எதிர்த்தெழுந்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 1973-லும் வீதிக்கு வந்தவர்கள் அவர்களே. எங்களுக்குப் பாதுகாப்புக் கொடு என்று வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்களே.

தலைமுறை தலைமுறையாகச் செவிலியர் வந்தனர். அருணாவைப் பார்த்தறியாத இளம்பெண்கள்கூட அவருக்கு உணவு ஊட்டினர், உடல் துடைத்தனர், புரட்டிப் படுக்க வைத்தனர். இத்தனை ஆண்டு படுக்கையிலே கிடந்த உடலில் ஒரு படுக்கைப் புண் இல்லை! அவரைக் கருணையோடு சாக விடுங்கள் என்ற மனுவை 2011-ஆம் ஆண்டு மார்ச் 7-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தச் செவிலியரின் தொண்டை மனமுருகிப் பாராட்டியது. மருத்துவமனைத் தலைமையும் அப்போது செவிலியர் பக்கமே நின்றது.

இதைச் சொன்னால் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆகா! என்ன அன்பு! தேவதைகள்!" என்கிறார்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்கிறேன்: அந்த அன்பு இல்லாதிருந்தால்? செவிலி ஒருவர் வீழ்ந்தபோது தாங்கியது சட்டமா? இல்லை. நிர்வாகமா? அது வெளியேற்றப் பார்த்தது. தாங்கியது தோழமை! தோழமை போற்றத்தக்கது. ஆனால் அரசு செய்ய வேண்டியதைத் தோழமையின் தோளிலே சுமத்திவிட்டு, அதற்குத் தேவதைப் பட்டமும் கொடுத்துவிட்டு, அரசு ஒதுங்கிக்கொள்வதா?

"இது பம்பாய்க் கதை, கொடியவன் ஒருவன் செய்த கொடுமை, எங்கள் ஊருக்கு என்ன?" என்று நீ கேட்கலாம், நண்பனே. நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஒரு சிறு காட்சி காட்டுகிறேன். கற்பனைதான், ஆனால் மருத்துவமனைக் கட்டிலிலே ஓர் இரவு படுத்தவர் எவரும் இதைப் பொய்யென்று சொல்லமாட்டார்.

திரை விலகுகிறது. பெரிய வார்டு. நள்ளிரவு. நாற்பது கட்டில்கள். ஒன்றிலே பொன்னி. இந்த மலையிலே பிறந்து, கீழே இறங்கிப் படித்து, செவிலியானவள். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கிறாள். தலைக்குமேல் தொங்கும் குளுக்கோஸ் புட்டி காலியாகிவிட்டது. குழாயிலே இரத்தம் மேலேறத் தொடங்குகிறது. மற்ற நோயாளிக்கு அது தெரியாது, பொன்னிக்குத் தெரியும். கட்டு நனைந்திருப்பது தெரியும். நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை பார்க்க வேண்டிய இரத்த அழுத்தத்தை எட்டு மணி நேரமாக யாரும் பார்க்கவில்லை என்பதும் தெரியும். அழைக்கிறாள்.

"தங்கச்சி! புட்டி முடிந்துவிட்டதம்மா!"

"இதோ வந்துவிடுகிறேன், அக்கா! பதினேழாம் கட்டிலில் மூச்சுத் திணறல்!"

வார்டின் மறுகோடியிலிருந்து குரல் மட்டும் வருகிறது, ஆள் வரவில்லை. நாற்பது கட்டிலுக்கும் அந்த ஒரு பெண்! பொன்னி நடுங்கும் கையை நீட்டித் தானே குழாயை அடைக்கிறாள். கோபம் வருகிறதா? வருகிறது. யார்மேல்? அந்தப் பெண்மேலா? சென்ற வாரம் இதே இரவுப் பணியிலே, "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வர முடியாமல் ஓடியவள் அல்லவா பொன்னி! திரை விழுகிறது.

மற்ற நோயாளி செவிலியைத் திட்டுகிறான். செவிலியே நோயாளியாகும்போதுதான் உண்மைக் குற்றவாளி யார் என்று தெரிகிறது. குற்றவாளி இதயமல்ல, எண்ணிக்கை! இந்தியச் செவிலியர் கழகம் விதி வகுத்திருக்கிறது: மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலி, மாவட்ட மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலி. அத்தோடு நிற்கவில்லை. விடுப்பிலே செல்வோருக்கு ஈடாக நூற்றுக்கு முப்பது பேரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதாவது, செவிலிக்கும் காய்ச்சல் வரும், செவிலியும் பிள்ளை பெறுவாள் என்ற எளிய உண்மையை அந்த விதி ஒப்புக்கொள்கிறது. விதி ஒப்புக்கொள்கிறது, வார்டு ஒப்புக்கொள்கிறதா?

மலைக்கு வருவோம். நம் மாநிலத்தின் இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் மூன்று செவிலியரை நம்பி உருவாக்கப்பட்டது. ஆளுக்கு எட்டு மணி நேரம். ஒருவர் படுத்துவிட்டால் மற்ற இருவருக்கும் பன்னிரண்டு மணி நேரம். இன்னொருவரும் படுத்தால்? சமவெளியிலாவது பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரலாம். இங்கே மழை பெய்து மண் சரிந்தால் பேருந்தே வராது! ஆகவே மலைச் செவிலி காய்ச்சலை மறைக்கிறார்; மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி நிற்கிறார். நின்று நின்று ஒருநாள் வீழ்கிறார்.

வீழ்ந்தவருக்கு விடுப்புண்டா? இங்கேதான் ஒப்பந்தம் என்ற சொல் குறுக்கே வந்து நிற்கிறது. 2015-இல் தேர்வெழுதி வென்ற செவிலியரை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தினார்கள். இரண்டாண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னை தேனாம்பேட்டையிலே, மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்திலே அமர்ந்து, சொன்ன சொல் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. 2021-இலிருந்து நிரந்தர அரசு ஊழியையின் மகப்பேற்று விடுப்பு ஓராண்டு, நன்று, வரவேற்கிறோம். ஆனால் ஒப்பந்தச் செவிலியோ, எனக்கும் மகப்பேற்று விடுப்புக் கொடு என்று உயர் நீதிமன்றத்தின் படியேறினார். சட்டம் அவர்க்கும் பொருந்தும், ஒப்பந்த வாசகம் அதற்குத் தடையாகாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு அசைந்தது! ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் கையிலே ஏந்தி உலகிற்குக் காட்டியவர், தன் பிள்ளையைப் பெற்றெடுக்க நீதி கேட்டு நிற்க வேண்டும்! இதைவிடக் கொடிய நகைச்சுவையை நான் எந்த நாடகத்திலும் எழுதியதில்லை.

கொரோனாக் காலம் நினைவிருக்கிறதா? 2020 மார்ச்சிலே தட்டைத் தட்டினோம். மே மாதம் 3-ஆம் நாள் வானூர்தியிலிருந்து மருத்துவமனைகள்மேல் பூமாரி பொழிந்தார்கள். பூ உதிர்ந்தது, நாளும் உதிர்ந்தது. 2022 டிசம்பர் முடிந்ததும், அந்தப் பெருந்தொற்றிலே பணிக்கு எடுக்கப்பட்ட செவிலியர் 2,000-க்கும் மேற்பட்டோருக்கு இங்கே பணி நீட்டிப்பு இல்லை என்றாகிவிட்டது. பூவைத் தூவிய கை வேலையைப் பறித்தால், அந்தப் பூ எதற்குச் சூட்டிய பூ?

தனியார் மருத்துவமனைகளின் நிலை என்ன? 2016 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட, மத்திய அரசு குழு அமைத்தது. இருநூறு கட்டிலுக்கு மேற்பட்ட மருத்துவமனை, அரசுச் செவிலிக்கு நிகராக ஊதியம் தர வேண்டும். ஐம்பதுக்குக் குறைந்த கட்டில் உள்ளதும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது குழு. பரிந்துரை பரணிலே, செவிலி பாரத்திலே!

மேல்நாட்டுச் சான்று வேண்டுமென்பாருக்கு ஒன்று சொல்வேன். விளக்கேந்திய மங்கை என்று பாடநூலிலே படித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1855 மே மாதம் கிரிமியப் போர்க்களத்திலே காய்ச்சலில் வீழ்ந்தவர். 1910 வரை வாழ்ந்த அவர், அதன்பின் நெடுங்காலம் நோயாளியாகவே கழித்தார். விளக்கு மட்டும் ஏந்தவில்லை அவர். படுக்கையிலிருந்தே கணக்கேட்டையும் ஏந்தினார். குண்டடியால் மாண்டோரைவிட, அழுக்கிலும் நெரிசலிலும் நோயிலும் மாண்டோரே மிகுதி என்று புள்ளி வைத்து, வண்ணப் படம் வரைந்து, அரசின் கண்முன் நீட்டினார். நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருப்பதே மருத்துவமனையின் முதற் கடமை என்றார். அவரைத் தாங்கச் செல்வக் குடும்பம் இருந்தது. கூலிக்காரன் மகளாகப் பிறந்து, கடன் வாங்கிப் படித்துச் செவிலியான நம் வீட்டுப் பெண்ணைத் தாங்க யார் இருக்கிறார்?

நாம் இருக்க வேண்டும், தோழர்களே! கைதட்டலோடு கலைந்துவிடாதீர்கள், ஊருக்குத் திரும்பியதும் வேலை இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரவிலே எத்தனை கட்டில், எத்தனை செவிலி என்று கேளுங்கள். அவர் உடை மாற்ற, கண்ணயரப் பூட்டுள்ள அறை உண்டா என்று பாருங்கள். 2024 ஆகஸ்டில் கல்கத்தா மருத்துவமனையிலே பயிற்சி டாக்டர் ஒருவர் பணியிடத்திலேயே கொல்லப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் மீண்டும் அருணாவின் பெயரை நினைவூட்ட வேண்டியிருந்தது. ஐம்பதாண்டு கடந்தும் அதே கேள்வி! ஆகவே கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள், எழுதியதைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். ஆட்சி எவருடையதாயினும் கொடுங்கள். நம்முடையதாயின் முதலில் கொடுங்கள்! வார்டிலே தாமதமானால் செவிலிமேல் கை ஓங்கும் தோழன் எவனாவது இருந்தால், அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அவர் வராததற்குக் காரணம் அவரல்ல; இன்னும் ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் ஒருவரே இருப்பது!

கட்டிலுக்கேற்ற செவிலியர், விடுப்புக்கு மாற்றாள், ஒப்பந்தத்துக்குப் பதில் நிரந்தரம், நோயுற்றால் ஊதியத்தோடு ஓய்வு: இந்த நான்கும் சலுகையல்ல, வள்ளுவர் சொன்ன நான்காம் கால் நிற்பதற்கான தரை. செவிலிக்குச் செய்வதெல்லாம் நோயாளிக்குச் செய்வதே. ஏனெனில் களைத்த கை தரும் மருந்து அளவு தவறும்.

செவிலியைத் தெய்வமென்று கும்பிட வேண்டாம். தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம், தூக்கம் வேண்டாம், காய்ச்சலும் வராது. மனிதரென்று மதிப்போம், மனிதருக்கு உரியதைக் கொடுப்போம். தாதி படுத்தால் தாங்குவோர் யார் என்று கேட்டேன். பம்பாயிலே தாதியரே தாங்கினர். இனி நாடு தாங்கட்டும்; தாங்கும்வரை நாம் ஓயோம்!