கலைஞ்சது, கலைச்சது இல்ல

இன்னைக்கு எபிசோட் கருச்சிதைவு பத்தி. உங்களுக்கு இது சமீபத்துல நடந்திருந்தா, இப்போ கேட்க மனசு தாங்காதுன்னா, இங்கேயே நிறுத்திடுங்க. இன்னொரு நாள் கேட்டுக்கலாம்.

ஸ்கூல்ல தன்வினை, பிறவினைன்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? மேகம் கலைஞ்சது. போலீஸ் கூட்டத்தைக் கலைச்சது. முதல்ல சொன்னது தானா நடந்தது. ரெண்டாவதுல செய்யிற ஆள் ஒருத்தர் இருக்கார். கரு விஷயத்துல நாம வெளிய சொல்றது ‘கலைஞ்சிருச்சு’. ஆனா அந்தப் பொண்ணோட மனசுக்குள்ள ஓடுறது ‘நான்தான் கலைச்சுட்டேன்’. போதாக்குறைக்கு ‘அபார்ஷன்’ங்கிற ஒரே வார்த்தையை நம்ம ஊர்ல ரெண்டுக்குமே சொல்றோம். ஆஸ்பத்திரி பேப்பர்ல ‘ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்’னு எழுதியிருக்கும். ஸ்பான்டேனியஸ்னா தானாக. நம்ம கண்ணு ரெண்டாவது வார்த்தையை மட்டும்தான் படிக்கும்.

இது நடந்ததும் மனசு முதல்ல செய்யிற வேலை, கடைசி ரெண்டு மூணு நாளைத் தோண்டுறது. பப்பாளி சாப்பிட்டோமா? எள்ளுருண்டை? தண்ணி கேன் தூக்கினோமே? ஸ்கூட்டி ஸ்பீட் பிரேக்கர்ல குதிச்சுதே? ரிலீஸுக்காக ராத்திரி 2 மணி வரைக்கும் முழிச்சிருந்தோமே? பார்க்க வர்ற சொந்தக்காரங்களும் இதே கேள்விகளைத்தான் கேட்பாங்க.

எங்க வேலையில ‘கிட் பிளேம்’னு ஒரு கமாண்ட் இருக்கு. கோட்ல ஒரு வரியைக் கடைசியா யார் மாத்தினாங்கன்னு காட்டும். பேருதான் பிளேம். வெறும் ஸ்பேஸ் மாத்தினவங்க பேரும் அதுல வரும். பிரச்சனை எங்க ஆரம்பிச்சதுன்னு அது சொல்லாது. குற்ற உணர்ச்சியும் இப்படித்தான். கடைசியா நடந்ததைப் பிடிச்சுக்கிட்டு, அதுதான் காரணம்னு சொல்லிடும்.

உண்மையில என்ன நடக்குது? முதல் 3 மாசத்துல நடக்கிற கருச்சிதைவுகள்ல ஏறக்குறைய பாதி, சில கணக்குப்படி அதுக்கும் மேல, குரோமோசோம் எண்ணிக்கை மாறிப்போனதால நடக்குது. கருமுட்டையில 23, விந்தணுவுல 23, சேர்ந்தா 46. ஒண்ணு கூடினாலோ குறைஞ்சாலோ பெரும்பாலும் அந்தக் கரு ஒரு கட்டத்துக்கு மேல வளராது. இது முடிவாகிறது கரு உருவாகும்போது, இல்லன்னா அதுக்கு அடுத்த சில நாள்ல. அதாவது டெஸ்ட் கிட்ல 2 கோடு தெரியறதுக்கு முன்னாடியே. இன்னொரு விஷயம், ஒரு பொண்ணோட கருமுட்டைகள் அவங்க அம்மா வயித்துல இருக்கும்போதே உருவாகி, பாதிப் பிரிவுல நின்னு, பல வருஷம் காத்திருக்கு. அந்தப் பிரிவுல வர்ற பிழைக்கும் போன வாரம் தூக்கின தண்ணி கேனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

தேதியையும் பார்க்கணும். கரு வளர்றது நின்ன உடனே ரத்தப்போக்கு வந்துடாது. சில நாள், சில சமயம் சில வாரம்கூட ஆகும்.

எனக்கு ரத்தம் பட்டது 10-வது வாரத்துல, ஒரு ஞாயித்துக்கிழமை. அதுக்கு முந்தின வியாழக்கிழமை ஆபீஸ் போற வழியில ஸ்கூட்டி ஒரு பள்ளத்துல இறங்கி ஏறியிருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், ‘வளர்ச்சி 7 வாரத்துலயே நின்னிருக்கும்மா’ன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து காலண்டரை எடுத்து எண்ணினேன். அந்த வியாழக்கிழமைக்கு ரெண்டு வாரத்துக்கு மேல முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போயிருந்தது. அந்தக் கணக்கால அழுகை நிக்கல. ஆனா அதுவரைக்கும் நான் அந்தப் பள்ளத்தை நினைச்சு அழுதுக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம்தான் குழந்தைக்காக அழுதேன்.

வழக்கமான பயங்களைச் சீக்கிரமா பார்த்துடலாம். வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, சாதாரண உடற்பயிற்சி, கணவன் மனைவி உறவு, கிரகணம், யாரோட கண்ணும்: இதனாலெல்லாம் கரு கலையறதில்ல. பப்பாளிக் காய்ல பால் இருக்கு, பெரியவங்க அதைத் தவிர்க்கச் சொல்றதுல தப்பில்ல. நல்லா பழுத்த பப்பாளியை ரெண்டு துண்டு சாப்பிட்டதால கலைஞ்சதுன்னு சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது.

அதுக்காக எதுக்குமே காரணம் கிடையாதுன்னு சொல்லல. தைராய்டு, கட்டுக்குள்ள இல்லாத சுகர், ரத்தம் உறையறதுல பிரச்சனை, கர்ப்பப்பையோட அமைப்பு, வயசு, புகைப்பழக்கம் எல்லாம் ஆபத்தைக் கூட்டும். ரெண்டு முறைக்கு மேல நடந்தா கண்டிப்பா டெஸ்ட் எடுக்கணும். ஆனா காரணம் வேற, குற்றம் வேற. காரணம் தெரிஞ்சா பலதுக்கு வைத்தியம் இருக்கு. ஒருமுறை கலைஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாவே போகுது.

அப்போ ஏன் இந்தப் பழி நம்மை விடமாட்டேங்குது? ரெண்டு காரணம்னு நினைக்கிறேன். ஒண்ணு, மறைக்கிறது. ‘3 மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்’னு இருக்கோம். அதனால கலைஞ்சதும் யாருக்கும் தெரியறதில்ல. உறுதியான கர்ப்பங்கள்ல 100-க்கு 10-லிருந்து 20 வரைக்கும் இப்படி முடியுது. நம்ம சித்திக்கும் பக்கத்து சீட் தோழிக்கும் நடந்திருக்கலாம். ஆனா நமக்கு மட்டும்தான்னு தோணும். 2015-ல வெளியான ஒரு அமெரிக்க சர்வேயில, கலந்துக்கிட்டவங்கள்ல பாதிக்கு மேல கருச்சிதைவை அபூர்வம்னு நினைச்சாங்க. 64 சதவீதம் பேர் கனமான பொருளைத் தூக்கினா கரு கலையும்னு நம்பினாங்க. அனுபவிச்சவங்கள்ல 47 சதவீதம் பேருக்குக் குற்ற உணர்ச்சி. நம்ம ஊர் பிரச்சனை மட்டும் இல்ல இது.

ரெண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பழி ஒரு தைரியம் தருது. ‘ஸ்கூட்டிதான் காரணம்னா, அடுத்த முறை ஸ்கூட்டி ஓட்டாம இருந்தா போதும்.’ பழியை விட்டா, என் கையில எதுவுமே இல்லைன்னு ஒத்துக்கணும். அது பழியைவிட பயமா இருக்கும். அதனால, ‘உன் தப்பு இல்ல’ன்னு ஒருத்தர் ஒரு தடவை சொன்னா போதாது. அந்தப் பயத்தோட கொஞ்ச நாள் கூட இருக்கவும் யாராவது வேணும்.

செய்யக்கூடியது சில விஷயம். டாக்டர்கிட்ட ‘வளர்ச்சி எத்தனை வாரத்துல நின்னுது?’ன்னு கேளுங்க. ஸ்கேன் அளவை வச்சு ஏறக்குறைய சொல்லிடுவாங்க. நீங்க உங்களைக் குற்றம் சொல்ற நாளை அந்தத் தேதியோட ஒப்பிட்டுப் பாருங்க. வேலைக்குப் போறவங்க, ‘காய்ச்சல்’னு பொய் சொல்லி 2 நாள் லீவு போடாதீங்க. கருச்சிதைவுக்கு 6 வாரம் சம்பளத்தோட லீவுன்னு சட்டத்துலயே இருக்கு. சில நிபந்தனைகள் உண்டு, ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. வாரக்கணக்கா தூக்கம் இல்ல, மனசு அதையே சுத்துதுன்னா 14416-க்குக் கூப்பிடுங்க. அது டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல ஹெல்ப்லைன். 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

கடைசியா, அவங்களைப் பார்க்கப் போற அம்மா, மாமியார், அத்தை, ஃப்ரெண்ட் எல்லாருக்கும் ஒரு வார்த்தை. ‘என்ன சாப்பிட்ட?’ன்னு கேட்காதீங்க. ‘சாப்பிட்டியா?’ன்னு கேளுங்க. முடிஞ்சா கையோட ஒரு டிஃபன் பாக்ஸும் கொண்டு போங்க.