விற்ற பொருளும் திரும்பும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புகார் என்றதும் நம் நெஞ்சில் காவிரிப்பூம்பட்டினம் தோன்றவேண்டும். இன்றோ கடைக்காரர்மேல் சொல்லும் குறைக்குப் ‘புகார்’ என்று பெயர்! இப்பொருளில் அது வடக்கிலிருந்து வந்த உருதுச் சொல். நமக்கு ‘முறையீடு’ என்னும் நற்சொல் உண்டு. சொல் இருக்கின்றது, முறையிடும் வழக்கந்தான் இல்லை.

ஒருவர் 8,000 உருபாவுக்கு மாவரைக்கும் பொறி வாங்குகின்றார் என்று கொள்வோம். பத்தாம் நாள் அது நின்றுவிடுகின்றது. கடைக்குச் சென்றால் வணிகர் சுவரைக் காட்டுகின்றார்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ நம்மவர் வாய் பேசாது வீடு திரும்புகின்றார். அப்பலகை என்ன, சட்டமா? அன்று! 2020 சூலை 20 முதல் நடப்புக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுடைய பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கின்றது. சீட்டில் காலவரை குறித்திருப்பின் அதற்குள் கேட்கலாம். குறிக்கவில்லையேல் 30 நாளுக்குள் கேட்கலாம். விற்பனைச் சீட்டுத் தர மறுப்பதும் முறைகேடே. “சீட்டுப் போட்டால் வரி கூடும் ஐயா” என்று வணிகர் குழையும்போது நாம் இணங்கிவிடுகின்றோம். வழக்கு அங்கேயே பாதி தோற்றுவிடுகின்றது.

முதலில் வணிகருக்கு விரைவஞ்சலில் மடல் எழுதுங்கள், படியொன்று வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்னும் தொலைப்பேசி எண்ணிலும் குறையைப் பதியலாம். தீராவிடின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். தொழிலகம் தில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 இலக்க உருபா வரை கட்டணம் இல்லை; 50 இலக்கம் வரை அவ்வாணையமே கேட்கும். வழக்கறிஞர் கட்டாயமன்று, நீங்களே நின்று பேசலாம். ஆனால் குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிடவேண்டும். எதிர்ப்பக்கத்தார் மறுமொழி தர 30 நாள். மிஞ்சினால் இன்னும் 15 நாள். 3 திங்களில் வழக்கை முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கின்றது. நடைமுறையில் நீள்வதுண்டு, அதற்கு அஞ்சிப் பயனில்லை.

நம் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. பொதிந்து விற்கும் பண்டத்தின்மேல் அளவும் விலையும் செய்த நாளும் எம்மொழியில் இருக்கவேண்டும்? இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கவேண்டும் என்கின்றன நடுவணரசின் 2011ஆம் ஆண்டு விதிகள். தமிழைக் கூடுதலாக அச்சிடத் தடையில்லையாம்! கட்டாயமும் இல்லை. தமிழ் மட்டுமே கற்ற தாய் ஒருத்தி, குழந்தைக்கு வாங்கிய மாவு எந்நாளில் செய்யப்பட்டது என்பதை எப்படி அறிவாள்? அறியாதவள் எதைக் காட்டி முறையிடுவாள்?

தமிழ்நாட்டில் விற்கும் பொதியில் தமிழும் கட்டாயம் இருக்குமாறு அவ்விதியைத் திருத்தக் கேட்டு, நடுவணரசின் நுகர்வோர் துறைக்கு ஒரு மடல் எழுதி வாயிலருகே வைத்திருக்கின்றேன். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.