சாவியை எடுத்துவிட்டால் காவலுக்கு யார்?

(ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்து போகும் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்த தொழிலாளரிடையே, தேக்காவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு சிறு சாவி. சிறியதுதான், ஆனால் நம்மில் பலருடைய பிழைப்பு அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பால்மரக் காடுகள் பல செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று சிங்கப்பூர் வேலையை நம்பி வாழ்கிறார்கள். அன்று நம் பெற்றோர் பெரட்டுக்கு ஓடியதுபோல, இன்று நாம் விடியுமுன் எழுந்து, 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் வழியே உட்லண்ட்ஸ் சாவடிக்கு ஓடுகிறோம். வண்டி இல்லையென்றால் அன்றையச் சம்பளம் இல்லை.

மழையிலும் தூசியிலும் நிற்கும் வண்டியில் முதலில் கெடுவது சாவித் துவாரம். உள்ளே தேய்ந்து, சாவி திரும்ப மறுக்கிறது. உடனே யாராவது ஒருவர், "சாவி எதற்கு? ஐந்து வெள்ளிச் சுவிட்சு ஒன்று போட்டால் போதும்" என்கிறார். இன்னொருவர், "அட்டையைக் காட்டினால் ஓடும் கருவி வந்திருக்கிறது, அதைப் போடு" என்கிறார். இவற்றில் எதைக் கேட்பது?

தோட்டத்து ஸ்டோர் சாவி கிராணியின் கையில் ஏன் இருக்கிறது? கதவைத் திறப்பதற்கு மட்டுமா? திறக்க உரியவர் இன்னார் என்று காட்டுவதற்கும் அதுதானே! மோட்டார் சைக்கிள் சாவியும் அப்படித்தான். அது மின்சாரத்துக்கு வழி விடுகிறது. உடையவரை அடையாளம் காட்டுகிறது. பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடியையும் பூட்டுகிறது. வெறும் சுவிட்சு முதல் வேலையை மட்டும் செய்யும். மற்ற இரண்டும் அநாதையாகிவிடும். யார் தட்டினாலும் வண்டி ஓடும்.

கம்பி வேலையிலும் ஆபத்து உண்டு. எல்லா வண்டியும் ஒரே மாதிரி அல்ல. பாட்டரியால் பொறி பிறக்கும் வண்டியில், சாவியைத் திருப்பினால் கம்பிகள் இணைந்து மின்சாரம் பாயும். பழைய கப்சாய் வண்டிகள் பலவற்றில் கதை நேர்மாறு. அங்கே பொறிக்கு மின்சாரம் தருவது எஞ்சினோடு சுழலும் காந்தம். சாவியை மூடினால் ஒரு கம்பி வண்டியின் இரும்போடு சேர்ந்து பொறி அணையும்; திறந்தால் அந்தக் கம்பி விலகிப் பொறி பிறக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் அந்தக் கம்பியில் பாட்டரி மின்சாரத்தைக் கொடுத்தால், சி.டி.ஐ. பெட்டியே கருகிப்போகலாம். ஐந்து வெள்ளியை மிச்சம் பிடிக்கப்போய் ஐம்பதைக் கொட்டிய கதைதான்!

மேலும், 12 வோல்ட் வண்டியில் 35 வாட் முன்விளக்கு ஒன்று மட்டும் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். ஹாரன், சிக்னல், பின்விளக்கு எல்லாம் அதற்கு மேல். மெல்லிய சுவிட்சு சூடேறும், மழைநீர் புகும், அதிர்வில் தானாக அணையும். பின்னால் லாரி வரும்போது விரைவுச் சாலையின் நடுவில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள்.

சாவியில்லாக் கருவியோ அடையாளம் பார்க்கிறது, அது நல்லதுதான். ஆனால் வண்டி நிற்கும்போதும் அது விழித்திருக்க வேண்டும். 10 மில்லி ஆம்பியர் குடித்தாலும் ஒரு நாளைக்குக் கால் ஆம்பியர்-மணி. 3.5 ஆம்பியர்-மணிச் சிறு பாட்டரி இரண்டு வாரத்தில் காலி. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். கம்பெனியே பொருத்தித் தரும் புதுவகைச் சாவியிலும், பையிலிருக்கும் சாவியின் ரேடியோ அலையைக் கருவி வைத்து நீட்டி ஏமாற்றும் திருடர்கள் உலகில் இருக்கிறார்கள்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். துவாரம் கெட்டால் சாவியோடு கூடிய முழு செட்டை மாற்றுங்கள். சுவிட்சு வேண்டுமென்றால், சாவிக்குப் பதிலாக அல்ல, சாவிக்குத் துணையாக மறைவில் வையுங்கள். பாட்டரி வண்டியில் பொறிக்குப் போகும் கம்பியின் நடுவே அது அமையட்டும். காந்த வண்டியில், அணைக்கும் கம்பியை இரும்போடு சேர்க்கும்படி அமையட்டும். தண்ணீர் புகாத சுவிட்சு, சரியான பியூஸ், பற்றவைத்த இணைப்பு ஆகிய மூன்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம். சக்கரத்துக்கு ஒரு கனத்த பூட்டும் போடுங்கள். சிங்கப்பூரில் பதிந்த வண்டியானால், கை வைக்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றியமைப்பு விதிகளைக் கேட்டறியுங்கள். 2023 நவம்பரில் தொடங்கிப் பொருத்தப்பட்டு வரும் சாலைக்கட்டணக் கருவியும் வண்டியின் மின்சாரத்தில் இயங்குவதுதான். அதன் கம்பியைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம் காப்புறுதி. சிங்கப்பூரின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது, நம் வண்டியால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் உயிரிழப்புக்குமான காப்புறுதியை. நாம் மலிவாக எடுப்பதும் பெரும்பாலும் அந்த வகைதான். வண்டி களவு போனால் அதில் ஒரு காசும் கிடைக்காது. களவுக்கும் சேர்த்து எடுத்தவர்கள், எந்த மாற்றம் செய்தாலும் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். "சொல்லாமல் மாற்றினாய்" என்று கைவிரிக்க அவர்களுக்கு இடம் கொடுக்கலாகாது. சிங்கப்பூர் வண்டிக்கு வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ் மட்டுமே 2022-இல் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியது. அப்படிப்பட்ட சொத்தை ஐந்து வெள்ளிச் சுவிட்சின் காவலில் விடலாமா?

தோழர்களே! பூட்டு ஒருவர் வாங்கலாம்; காவல் ஒருவரால் ஆகாது. வேலையிடத்தில் வெளிச்சமுள்ள, கண்காணிப்புள்ள நிறுத்துமிடம் வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. நாற்பது பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் கோரிக்கை. வேலைக்கு வருகிறவனின் வண்டி பத்திரமாக இருக்க வேண்டும் என்பது சலுகையல்ல, நியாயம். சாவி நம் கையில் இருக்கட்டும். அந்த நியாயத்தைக் கேட்கும் ஒற்றுமையும் நம்மிடம் இருக்கட்டும்.