ஒரு மூச்சும் பதினொரு தாங்கிகளும்



சில மாதங்களுக்கு முன் தரம் பத்து மாணவன் ஒருவனின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். "சுழியோடிகள் ஒட்சிசன் சிலிண்டரை முதுகிற் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள்" என்று எழுதியிருந்தான். எழுவாய், பயனிலை, புணர்ச்சி எல்லாம் சரி. சரி அடையாளம் இட்டேன். பக்கத்து மேசையிலிருந்த விஞ்ஞான ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "சேர், அது ஒட்சிசன் இல்லை. நாங்கள் இப்ப இழுக்கிற இதே காத்துத்தான், அமுக்கி அடைச்சது. தனி ஒட்சிசனோடை ஆறேழு மீற்றருக்குக் கீழே போனால் வலிப்பு வரக்கூடும்" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நமது செய்தித்தாள்களும் ஒட்சிசன் சிலிண்டர் என்றே எழுதிவருகின்றன என்பது உண்மைதான். ஆயினும் கடலை வாசலில் வைத்துக்கொண்டு வாழும் திருகோணமலைக்காரன் நான். போரின் இறுதி வரையில் மீன்பிடிக்கே கட்டுப்பாடு இருந்த கடல் எங்களுடையது. எனது தலைமுறையினர் பலர் கரையில் நின்று அலையைப் பார்த்தே வளர்ந்தோம். நீருக்கடியில் நடப்பதை எமக்குச் சொல்லித்தர ஆளில்லை. இனியாவது கேட்டறிவோம் என்று எண்ணியபோது பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். வகுப்பிலே கவிதை மனனத்தில் முதலாமவன்; 2011ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கடலட்டைத் தொழிலுக்குச் சுழியோடியாகப் போய்விட்டவன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவன் வீட்டுக்குச் சென்றேன்.

முற்றத்து வேப்பமரத்தின் கீழ், நீலத் தறப்பாள் போர்த்தியபடி ஏதோ வரிசையாக நின்றது. தறப்பாளை அவன் மனைவி விலக்கினாள். பதினொரு தாங்கிகள். மஞ்சள் நிறத்தன சில, வர்ணம் உரிந்து வெள்ளியாய் மின்னுவன சில, கறுத்த உருக்குத் தாங்கிகள் இரண்டு. இடுப்பளவு உயரத்தில், பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வரிசையில் நிறுத்திய பிள்ளைகளைப்போல நின்றன. தாங்கி என்ற சொல்லையே அவன் ஆண்டான். தண்ணீர்த் தாங்கிக்கு நாம் வழங்கும் அதே சொல். சிலிண்டர் என்ற சொல் உருவத்தை மட்டுமே சொல்கிறது. தாங்கி என்பது வேலையைச் சொல்கிறது. தமிழாசிரியனுக்கு இப்படியொரு சொல் கிடைத்தால் போதும், வந்த காரியம் மறந்துவிடும்.

"தம்பி, ஒரு ஆளுக்கு ஒரு முதுகுதானே. பதினொண்டை வைச்சு என்ன செய்யிறீர்?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "சேர், ஒரு தாங்கி வைச்சிருக்கிற சுழியோடியை நான் இன்னும் காணேல்லை" என்றான்.

அது உண்மை என்பதைப் பின்னர் நிலாவெளியில் உல்லாசப் பயணிகளைக் கடலுக்குக் கொண்டுசெல்பவர்களிடம் விசாரித்து அறிந்தேன். அங்கு வரும் வெள்ளைக்காரச் சுழியோடிகளின் வீட்டு வாகனக் கொட்டில்களிலும் இப்படித்தானாம். முதலில் ஒன்று வாங்குவார்கள். காற்றடைக்கும் இயந்திரம் தொலைவில் இருந்தால், ஒரே நாளில் இரண்டாம் முறை இறங்க இரண்டாவது வேண்டும். நண்பன் வந்தால் மூன்றாவது. ஆழத்துக்குப் போகிறவனுக்கு இரண்டை ஒன்றாகப் பிணைத்த இரட்டைத் தாங்கி. ஒன்று பழுதானால் உயிர் தப்ப இடுப்போரத்தில் ஒரு சிறியது. ஒட்சிசன் கூடிய கலவைக்கு அடையாளமிட்ட வேறொன்று. இவ்வளவுக்கும் மேலே, பழையதன்மீது மோகங்கொண்டு 1950களிலும் 60களிலும் செய்த உருக்குத் தாங்கிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவிலே பலர் இருக்கிறார்கள். உட்புறம் துருப்பிடிக்காமல் காத்தால் உருக்கு ஐம்பது, அறுபது ஆண்டுகளும் உழைக்கும். புத்தகம் சேர்ப்பவர்களின் வீட்டிலும் இதே கதைதானே. எனது மனைவி இதைக் கேட்டால் தலையாட்டுவாள்.

ஆனால் புத்தகத்தில் இல்லாத கணக்கு ஒன்று தாங்கியில் உண்டு. அதை அவன் மணலிலே குச்சியால் எழுதிக் காட்டினான். சாதாரண அலுமினியத் தாங்கியின் உட்கொள்ளளவு 11 லீற்றர். அதற்குள் 200 மடங்கு அமுக்கத்தில் காற்றை அடைத்தால் 2,200 லீற்றர். பதற்றமில்லாத மனிதன் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கரையில் இருந்தபடி சுவாசித்தால் 110 நிமிடங்களுக்குப் போதும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காகிறது, காற்றும் அங்கே இரு மடங்கு செலவாகும், 55 நிமிடம். 30 மீற்றரில் நான்கு மடங்கு, 27 நிமிடம். அதிலும் காற்பங்கை மேலே வருவதற்கென ஒதுக்கிவைக்க வேண்டும். எஞ்சுவது இருபது நிமிடம். எங்கள் கல்லூரியின் ஒரு பாடவேளையிற் பாதி.

அந்தக் காற்றுக்கு நிறையும் இருக்கிறது, ஏறத்தாழ 2.6 கிலோகிராம். இறங்கும்போது அதைச் சுமந்து இறங்குகிறான். இழுக்க இழுக்கத் தாங்கி இலேசாகிறது. காலியாகும் நிலையில் அலுமினியத் தாங்கியின் அடிப்புறம் மேலே எழும்பி ஆளை மிதத்தப் பார்க்குமாம். அதற்காக முதலிலேயே இடுப்பில் ஈயம் கட்டவேண்டும். இரண்டு உருக்குத் தாங்கிகளை அவன் வாங்கியதற்குக் காரணம் இதுதான். உருக்கு காலியானாலும் மிதவாது.

நேயர்களே, நமது பழைய சுழியோடிக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவனிடம் இருந்தது ஒரே தாங்கி. அது விலா எலும்புகளுக்குள்ளே இருந்தது. கொற்கையின் முத்தை மதுரைக்காஞ்சி பேசுகிறது. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். 1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் கடமையாற்றிய லெனாட் வுல்ஃப் தமது 'குரோயிங்' என்ற நூலில் அந்தத் தொழிலை விரிவாக வரைந்திருக்கிறார். கல்லைக் காலிற் கட்டி, கயிற்றின் மறுநுனியை வள்ளத்தில் இருப்பவன் பிடிக்க, ஒரு மூச்சில் இறங்கி ஒரு மூச்சில் ஏறியவர்கள் அவர்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூட. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல் கட்டி' கரையில் இருந்தார். முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்ற தொடர்களில் குளித்தல் என்ற வினை, கிணற்றடியில் நாம் மறந்துவிட்ட அதன் மூழ்குதல் என்னும் பொருளை இன்னும் பிடித்துவைத்திருக்கிறது. மூச்சையடக்கிக் குளித்தவனைச் சுறா பிடித்திருக்கலாம், காது வெடித்திருக்கலாம். ஆனால் காற்றை ஆழத்தில் சுவாசிப்பதால் வரும் நோய் அவனுக்கு அரிது. அவன் கொண்டுபோனது ஒரு நெஞ்சளவு காற்றே.

பிரெஞ்சுக்காரர்களான குஸ்தோவும் கஞானும் 1943இல் உருவாக்கிய கருவியோடு அந்த எல்லை உடைந்தது. தாங்கியிலிருந்து வேண்டும்போது வேண்டிய அளவு காற்றைத் தரும் அடைப்பு அது. அதன் பயனை எங்கள் ஊரும் கண்டது. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் சுழியோடிச் செதுக்கிய தூண்களைக் கண்டனர். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் அவை. சம்பந்தர் பாடிய தலத்தின் தூண்கள் கடலடியிற் கிடப்பதை, முதுகிலே தாங்கி சுமந்த அந்நியர்கள் பார்த்து உலகுக்குச் சொன்னார்கள்.

இதே தாங்கிதான் கடலட்டைக்காரனின் படகிலும் ஏறியது. கடலட்டையை நாம் உண்பதில்லை. அவித்து உலர்த்தி சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் அனுப்புகிறோம். கரையோரப் படுகைகளில் அள்ளித் தீர்த்தபின் ஆழத்துக்குப் போகவேண்டியதாயிற்று. அது இரவில் வெளிவரும் பிராணி. ஆதலால் இருட்டிலே மின்சூளோடு இறங்க வேண்டும். அனுமதிப்பத்திரம் பெற்றவன் பெறாதவன் எவனாயினும் ஆழம் ஒன்றுதான்.

இனி அவன் சொன்னதை அவன் மொழியிலேயே தருகிறேன்.

"முதல் வரியம் முதலாளியின்ர தாங்கி, சேர். படகு, எண்ணெய், தாங்கி எல்லாத்துக்கும் பங்கு கழிச்சிட்டுத்தான் எங்களுக்கு. தாங்கி சொந்தமா இருந்தா அந்தப் பங்கு எனக்கு. அதுதான் 2012இல ரெண்டு பழசு வேண்டினன். அடுத்த சீசன் ரெண்டு. கலியாணத்துக்கு நகை செய்யச் சேர்த்த காசிலையும் ஒண்டு வேண்டினன், இவவுக்குத் தெரியும். முதலாளி நாளுக்கு மூண்டு தாங்கிக்கு மேல தரமாட்டார். காத்தடிக்கிற காசு அவருக்குப் பெரிசு. எனக்கெண்டு ஆறு வந்தாப்பிறகு, ஆறும் படகில கிடக்கேக்க மூண்டோட ஏறி வர மனம் விடாது சேர். அடைச்ச காத்து சும்மா திரும்புதே எண்டிருக்கும்."

இதைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஆழத்தின் அமுக்கத்தில் அது குருதியிலும் நரம்பிலும் கரைகிறது. ஆறுதலாக ஏறினால், இடையில் தங்கினால், இறக்கங்களுக்கிடையே கரையில் நேரம் விட்டால், வந்த வழியே போய்விடும். விரைந்து ஏறினால் சோடாப் போத்தல் திறந்ததுபோல் உடலுக்குள் குமிழியாகும். எத்தனை ஆழத்துக்கு எவ்வளவு தாமதிக்க வேண்டும் என்ற அட்டவணையை ஹோல்டேன் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானி 1908இலேயே வெளியிட்டுவிட்டார். நூறாண்டுக்கு மேல் ஆகியும் அது எங்கள் வாடிகளில் பலவற்றுக்கு வந்து சேரவில்லை. நானும் எத்தனையோ கட்டுரைத் தலைப்புகள் கொடுத்தேன். கடலுக்குப் போகப்போகும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இதைப்பற்றி ஒரு பந்தி வாசிக்கக் கொடுத்ததில்லை.

2017ஆம் ஆண்டு ஓரிரவு, முல்லைத்தீவுப் பக்கக் கடலில், ஐந்தாவது தாங்கியோடு அவன் மேலே வந்தான். படகில் ஏறியதும் தோளில் நோ. பிறகு கால் விறைத்தது. வாதம் என்று எண்ணி எண்ணெய் பூசித் தேய்த்தார்கள். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அமுக்க அறை இருக்கிறது; அதனுள் வைத்து மீண்டும் அமுக்கி, ஒட்சிசன் கொடுத்து, மெல்ல மெல்ல விடுவிப்பார்கள். அங்கே அவனைக் கொண்டு சேர்த்தபோது ஒரு பகலும் ஓரிரவும் கழிந்துவிட்டன. இப்போது இரண்டு ஊன்றுகோல்களோடு முற்றம் வரை நடக்கிறான். இடது கால் இழுபடுகிறது. வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கிறது.

"சேர், இதுகளை வித்தா ஒரு பழைய ஓட்டோவாவது வேண்டலாம். நீங்களாவது சொல்லுங்கோ" என்றாள் மனைவி, தேநீரை நீட்டியபடி.

நான் அவனைப் பார்த்தேன். "விக்கலாம் சேர். ஆனா ஆருக்கு விக்கிறது? வேண்ட வாறவன் எல்லாரும் எங்கட பெடியள். நாளுக்கு எத்தினை இறக்குவாய் எண்டு கேப்பன். ஆறு, ஏழு எண்டுவாங்கள். குடுக்க மனம் வருகுதில்லை."

மனைவி பதில் சொல்லவில்லை. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இருவருக்கும் நடுவே தேநீர்க் கோப்பையோடு நான் இருந்தேன்.

பிறகு அவனே பேச்சை மாற்றினான். பன்னிரண்டாவதாக ஒன்று இருந்ததாம். 1990க்கு முன் செய்த அலுமினியத் தாங்கிகள் சிலவற்றின் கலவை பிழையானது. காலப்போக்கில் கழுத்தில் வெடிப்பு விழும். மலிவென்று வாங்கிய அது சோதனையில் தோற்றுவிட்டது. அடியை அறுத்து, பக்கத்து முன்பள்ளிக்கு மணியாகக் கொடுத்துவிட்டான். காலை எட்டு மணிக்கு அது அடிப்பது இங்கே கேட்கும் என்றான்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தாங்கியை நீர் நிரப்பி, வழக்கத்தைவிடக் கூடிய அமுக்கத்தில் சோதிக்க வேண்டுமாம். விற்காவிட்டாலும் அவன் சோதனையைத் தவறவிடுவதில்லை. கொழும்புக்கு லொறியில் அனுப்பும் முன் இலக்கங்களைக் குறித்துவைக்க வேண்டும்; குனிய முடியாது; மனைவிக்கு அந்த ஆங்கில எழுத்துகள் பிடிபடுவதில்லை. "சேர், உங்களுக்கு நேரமிருந்தா..." என்று ஒரு கொப்பியை நீட்டினான்.

தாங்கியின் தோளிலே, உலோகத்திற் பொறித்த எழுத்துகள். கோட்டை வாசற் கல்வெட்டைப் பார்க்க மாணவர்களை அழைத்துச் செல்பவன் நான். இதை வாசிக்கத் தடுமாறினேன். உப்பும் வர்ணமும் அடைத்திருந்தன. நகத்தால் சுரண்டினேன். உலோகம் எது, எவ்வளவு அமுக்கம், தொடர் இலக்கம், பிறகு சோதித்த திகதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. அவன் ஊன்றுகோலில் சாய்ந்து நின்று, "அது வருசம் சேர். முன்னுக்குள்ளது மாசம்" என்று சொல்லித்தந்தான். நான் எழுதினேன். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. ஆறாவது தாங்கியைத் திருப்ப முயன்றபோது அது மற்றவற்றைவிடப் பாரமாக இருந்தது.

"அதைப் பாத்துத் திருப்புங்கோ. நிறைஞ்சது. அண்டைக்கு இறக்காமல் மிஞ்சினது அதுதான்" என்றான்.